வந்தியத்தேவனைப் பிடிக்கும், சரி… அப்புறம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் பேச்சு எப்படியோ கல்கியின் சரித்திர நாவலான ‘பொன்னியின் செல்வ’னில் வந்து நின்றுவிடும். “வந்தியத்தேவன் மாதிரி இருக்கணும்”, “பூங்குழலி தைரியத்தில் பாதி இருந்தாலே போதும்” என்று யாராவது சொல்வார்கள். பின்னாலேயே சந்தேகங்கள் வரும். முகங்கள்தான் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே. கதையின் முடிவு வரை பேசப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு வரலாம்.

கதையில வர்ற ஆளைப் பார்த்து நிஜமா யாராவது மாறியிருக்காங்களா? சும்மா பேச்சுதானே?

மாறியிருக்கிறார்கள். காந்தி தன் சுயசரிதையின் தொடக்கத்திலேயே சொல்கிறார்: சிறுவனாக அரிச்சந்திரன் நாடகம் பார்த்தவர், அதைத் தனக்குள்ளேயே கணக்கில்லாத தடவை நடித்துப் பார்த்திருக்கிறார். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருக்கக் கூடாது என்ற கேள்வி அவரை விடவே இல்லை. பிற்பாடு, அரிச்சந்திரன் சரித்திர மனிதனாக இருந்திருக்க முடியாது என்று தன் புத்திக்குத் தெரிகிறது என்றும் எழுதுகிறார். ஆனாலும் அரிச்சந்திரனும் சிரவணனும் தனக்கு உயிருள்ளவர்கள்தான் என்கிறார்.

இன்னொருவர் மே ஜெமிசன். 1992இல் எண்டெவர் விண்கலத்தில் சென்ற, விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் வரும் உஹூரா என்ற அதிகாரி பாத்திரம் தனக்குத் தூண்டுதலாக இருந்ததை வெளிப்படையாகச் சொன்னவர். உஹூரா இல்லாவிட்டால் அவர் விண்வெளிக்குப் போயிருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. படிப்பும் உழைப்பும் அவருடையவை. ‘நம்மைப் போன்ற ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கலாம்’ என்ற படம் மனதில் முன்கூட்டியே விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதுவே சிறிய விஷயம் இல்லை.

வந்தியத்தேவன் நிஜமாவே இருந்தவர்னு சொல்றாங்களே, அப்போ அவரைக் கற்பனைப் பாத்திரம்னு எப்படிச் சொல்றீங்க?

பெயர் நிஜம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று குறித்திருக்கிறார்கள். அவர் குந்தவையின் கணவர் என்பது அதிலிருந்து தெரிகிறது. ஆனால் நாம் நேசிக்கும் அந்த வாய்த்துடுக்கு, குதிரைச் சவாரி, எங்கே போனாலும் வம்பில் மாட்டிக்கொள்ளும் சுபாவம் எல்லாம் கல்கி தந்தவை. பூங்குழலி, நந்தினி, ஆழ்வார்க்கடியான் மூவரும் முழுக்க அவர் படைத்தவர்கள். முன்மாதிரி என்று வரும்போது நாம் பேசுவது கல்கியின் வந்தியத்தேவனைப் பற்றித்தான். கல்வெட்டில் இருப்பவரிடம் கற்றுக்கொள்ள நமக்குச் செய்தி போதாது.

அவன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு? குதிரையில போறான், அழகா பேசறான். அதுக்காகவா?

முதலைக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிலாற்றங்கரையில் பெண்கள் இருக்கும் இடத்தில் முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. வந்தியத்தேவன் யோசிக்காமல் குதிரையிலிருந்து குதித்து வேலாயுதத்தை வீசுகிறான். பெண்கள் சிரிக்கிறார்கள். அது உயிரில்லாத, பஞ்சடைத்த முதலை. நம்மில் எத்தனை பேர் அந்தச் சிரிப்பை ஒரு வாரத்துக்குச் சுமந்திருப்போம்? ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு, ‘ஏன்தான் போனேனோ’ என்று நொந்துகொண்டிருப்போம். அவன் அசடு வழிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். அடுத்த தடவை யாருக்காவது ஆபத்து என்றால் மறுபடியும் யோசிக்காமல்தான் குதிப்பான். அவமானப்பட்டதால் அவன் உதவுவதை நிறுத்தவில்லை. எனக்கு நாவல் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இது, கடம்பூர் அரண்மனைச் சதியைவிடவும்.

இன்னொன்று, அவன் எல்லோரிடமும் பேச்சுக் கொடுப்பான். ஜோதிடர், படகு விடும் பூங்குழலி, கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன் என்று வேறுபாடே கிடையாது. எல்லோரிடமும் கேள்வி கேட்டு, பதிலைக் காதில் வாங்கிக்கொள்கிறான். சோழ நாட்டு அரசியலே அவனுக்கு இப்படித்தான் பிடிபடுகிறது.

மூன்றாவது, ஒப்புக்கொண்ட காரியம். குந்தவை கொடுத்த ஓலையை எடுத்துக்கொண்டு கோடிக்கரைக்குப் போய், கடல் தாண்டி, இலங்கைக் காட்டில் அலைந்து, அவள் தம்பி அருள்மொழிவர்மரிடம் (பிற்பாடு ராஜராஜன் ஆகிறவர்) சேர்க்கிறான். நடுவில் கவனம் சிதறாத நாளே இல்லை. ஆனாலும் ஓலை போய்ச் சேர்கிறது. கவனம் சிதறாத மனிதனாக மாறுவது நமக்கெல்லாம் ஆகாத காரியம். சிதறினாலும் ஓலையைச் சேர்ப்பது முடியும்.

எனக்கு ஒரு பாத்திரம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அதுலேர்ந்து எதை எடுத்துக்கிறதுன்னு தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். பாத்திரத்தின் குணங்களைப் பட்டியல் போட வேண்டாம். ‘வீரம், விவேகம், தியாகம்’ என்று எழுதினால் அது பள்ளிக்கூடக் கட்டுரை ஆகிவிடும், யாருக்கும் உதவாது. குறிப்பிட்ட ஒரு இக்கட்டில் அவர் என்ன செய்தார் என்பதைப் பிடியுங்கள். ‘பூங்குழலியின் துணிச்சல்’ என்று சொன்னால் கையில் ஒன்றும் நிற்காது. ‘இலங்கைக்கு யாரும் படகு விட முன்வராதபோது அவள் துடுப்பை எடுத்தாள்’ என்று சொல்லிப் பாருங்கள், அதற்கு ஒத்த தருணம் உங்கள் வாரத்திலேயே ஒன்று அகப்படும்.

அப்புறம், ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தியத்தேவனின் பேச்சு, குந்தவையின் நிதானம், அருள்மொழியின் பெருந்தன்மை மூன்றையும் ஒரே மாதத்தில் வரவழைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. நான்காம் வாரம் அவர்கள் வட்டத்துக்கே வருவதில்லை.

இன்னொருத்தர் மாதிரி நடந்துக்கிறது போலித்தனம் இல்லையா?

இதைக் குழந்தைகளிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகள் 180 பேருக்கு அலுப்பூட்டும் வேலை ஒன்றைப் பத்து நிமிடம் செய்யக் கொடுத்தார்கள். வேண்டுமானால் எழுந்துபோய் டேப்லெட்டில் விளையாடலாம். ஒரு குழுவுக்கு ‘நான் கடினமாக உழைக்கிறேனா?’ என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குழு தன் பெயரையே சொல்லிக் கேட்டுக்கொண்டது. மூன்றாவது குழு பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தன்னை வைத்துக்கொண்டு, ‘பேட்மேன் கடினமாக உழைக்கிறானா?’ என்று கேட்டுக்கொண்டது. அதிக நேரம் வேலையில் நின்றது இந்த மூன்றாவது குழுதான்.

பாத்திரமாக நினைத்துக்கொள்ளும்போது நம்மிடமிருந்தே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது, இழுக்கிற ஆசை அந்த நேரத்துக்கு அடங்குகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இதில் போலி எதுவும் இல்லை. உட்கார்ந்து வேலை செய்தது அந்தக் குழந்தைதானே. நீங்கள் இல்லாத ஒன்றை இருப்பதாக மற்றவர்களை நம்பவைத்தால்தான் அது போலி.

நான் வந்தியத்தேவன் டைப் இல்லை அக்கா. நாலு பேர் முன்னாடி வாயே திறக்காது. எனக்கு ஏத்த ஆள் யாரு?

வானதி. சிரிக்காதீர்கள். குந்தவையின் தோழி, அருள்மொழியை விரும்புபவள். முதல் பாகத்தில் அவள் அடிக்கடி மயக்கம் போடும் பெண். அருள்மொழி இலங்கைக்குப் புறப்படும் நேரத்தில் விளக்குத் தட்டோடு விழுந்தவள். படிக்கிறவர்களுக்கே சலிப்பு வரும். அதே வானதி பிற்பாடு பூங்குழலி ‘நீ மகாராணி ஆகத்தானே இளவரசரை விரும்புகிறாய்’ என்கிற தொனியில் குத்திப் பேசும்போது, நான் சிங்காதனத்தில் அமரவே மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். குரலை உயர்த்தாமல், எல்லோரையும் வாயடைக்க வைக்கிற சபதம்.

வானதி ஒரே நாளில் வீராங்கனை ஆகவில்லை. கூச்சமும் அவளை விட்டுப் போகவில்லை. எது தனக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதில் மட்டும் தெளிவு வந்தது. வாய் திறக்காதவர்களுக்கு வந்தியத்தேவனைவிட அவள்தான் உபயோகம்.

எனக்கு இந்த ராஜா ராணிக் கதையெல்லாம் ஒத்து வராது. அனிமேதான் பார்ப்பேன். அது கணக்குல வருமா?

தாராளமாக. ‘நருட்டோ’வில் ராக் லீ என்று ஒரு பையன் வருவான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிஞ்சா உலகத்தில் இருந்துகொண்டு நிஞ்சா வித்தைகள் வராது அவனுக்கு. உடற்பயிற்சியும் கைகால் சண்டையும்தான் தெரியும், அதை மட்டும் வைத்து மற்றவர்களோடு மோதுகிறான். நாலாவது பதிலில் சொன்னதையே அவனுக்கும் போட்டுப் பாருங்கள்.

படம் பார்த்துட்டேன். புத்தகம் படிச்சே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. 2022, 2023இல் வந்த இரண்டு படங்களும் பாத்திரங்களின் முகத்தை நன்றாகவே தருகின்றன. ஆனால் ஐந்து பாகக் கதையைச் சில மணி நேரத்தில் அடக்கும்போது முதலில் உதிர்வது சின்னச் சின்னத் தடுமாற்றங்கள். நமக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றங்கள்தான். கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதியதால், ஒரு பாத்திரம் தவறி விழவும் எழுந்திருக்கவும் நிறைய இடம் கொடுத்திருக்கிறார்.

எனக்கு அம்பத்தெட்டு வயசு. இனிமே போய் வந்தியத்தேவனா ஆகறதா? இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு.

நீங்கள் பெரிய பழுவேட்டரையரைத் திரும்பப் படியுங்கள் சார். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண். தனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். இளம் மனைவி நந்தினி விஷயத்தில் ஊரே சொன்னதை ஏற்காதவர். கொள்ளிட வெள்ளத்தில் அகப்பட்டு, திருப்புறம்பியம் பள்ளிப்படையருகே சதிகாரர்களின் பேச்சைக் காதால் கேட்ட பிறகு, அந்தத் தள்ளாமையிலும் கடம்பூருக்கு விரைகிறார். காலம் கடந்துவிட்டது, இளவரசர் ஆதித்த கரிகாலனைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அத்தனை வருட நம்பிக்கை பொய் என்று தெரிந்த நொடியில் அவர் சாக்குச் சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. இருபது வயதில் இந்த மனிதரை யாருக்கும் பிடிக்காது. ஐம்பதுக்கு மேல் பிடிக்கிறது, எங்கள் வட்டத்திலேயே பார்க்கிறேன்.

வந்தியத்தேவன் வாயைத் திறந்தாலே பொய்தானே! அவனைப் போய் பிள்ளைங்களுக்கு உதாரணம் சொல்லலாமா?

பொய் சொல்கிறான், அதை மறைத்து என்ன பயன்? எதிரிக் கோட்டைக்குள் புகுந்த தூதன். கதைக்குள் அதற்கு நியாயம் இருக்கிறது, கல்கி அதை நகைச்சுவையாகவும் எழுதுகிறார். நம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் விஷயத்தில் யாருடைய கோட்டைக்குள்ளும் புகவில்லை. பிள்ளைகளிடம் இதையே கேளுங்கள்: “அவன் ஏன் அங்கே பொய் சொன்னான்? நீ சொன்னது அந்த மாதிரியா?” பத்து வயதுப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும். குறையே இல்லாத பாத்திரத்தைத் தேடிக் கொடுத்தால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அவனைக் காப்பாத்த கல்கி இருக்கார். என்னைக் காப்பாத்த யார் இருக்கா? கதாநாயகன் சாக மாட்டான்னு தெரிஞ்சா யார் வேணா தைரியமா இருக்கலாமே?

இந்தப் பக்கத்திலேயே இதுதான் சரியான கேள்வி. கேட்டவர் பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பையன், எரிச்சலோடுதான் கேட்டான். ஆமாம், ஆசிரியர் துணை அவனுக்கு உண்டு. வந்தியத்தேவன் எடுக்கிற துணிச்சலான முடிவுகளை அப்படியே நகல் எடுத்தால் நமக்கு எலும்பு முறியும். வேலையை விட்டுவிட்டுக் குதிரை ஏறாதீர்கள்.

ஆனால் கல்கி அவனை எப்படிக் காப்பாற்றுகிறார் என்று பாருங்கள். வானத்திலிருந்து யாரும் வருவதில்லை. தஞ்சையில் ஒளிய இடம் கொடுப்பது சேந்தன் அமுதன். சேற்றுப் பள்ளத்திலிருந்து மீட்பவள் பூங்குழலி. பல சிக்கல்களில் துணையாக வருபவன், போகிற வழியெல்லாம் இவனோடு வம்படித்துக்கொண்டிருந்த ஆழ்வார்க்கடியான். எல்லோரும் இவன் வழியில் பேச்சுக் கொடுத்துப் பழகியவர்கள். மூன்றாவது பதிலில் சொன்ன அந்தப் பேச்சுக் கொடுக்கும் பழக்கத்துக்கு இப்படி ஒரு பலன் இருக்கிறது. அதற்கு ஆசிரியர் தயவு தேவையில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. தஞ்சைக் கோட்டையில் முதுகில் குத்தப்பட்ட நண்பன் கந்தமாறனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தவன் வந்தியத்தேவன். குத்தியதே இவன்தான் என்று கந்தமாறன் நம்பிவிடுகிறான். நல்லது செய்தும் பழி வந்தது, கல்கி அதை லேசில் துடைத்துவிடவில்லை. கடைசி பாகத்தில் கொலைப் பழி சுமந்து பாதாளச் சிறை வரைக்கும் போகிறான். ஆகவே கதாநாயகனுக்கு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்றும் சொல்ல முடியாது.

எனக்கு நந்தினியைத்தான் பிடிக்கும். வெளிய சொன்னா ஒரு மாதிரி பார்க்கிறாங்க. நான் கெட்டவளா?

இல்லை. வட்டத்தில் பாதிப் பெண்கள் உங்கள் கட்சிதான், சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அரண்மனையிலிருந்து ஒதுக்கப்பட்ட ஒருத்தி, எதிரே இருப்பவர் மனதைப் படிக்கும் திறமையை வைத்துக்கொண்டே ஒரு பேரரசை ஆட்டிப் பார்க்கிறாள். அவளுடைய பொறுமையும் கூர்மையும் யாரையும் கவரும். ஒதுக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அவள் கோபம் இன்னும் நெருக்கமாகத் தெரியும்.

திறமையை எடுத்துக்கொள்ளலாம், அதை அவள் எதில் கொண்டுபோய்ச் செலவழித்தாள் என்பதையும் சேர்த்துப் படித்தால். கரிகாலன் வெட்டிய வீரபாண்டியன் தலைக்குப் பழிவாங்குவதற்காக வாழ்க்கை முழுவதையும் அடகு வைத்தாள். கரிகாலன் செத்த பிறகு அவள் கையில் என்ன மிஞ்சியது? கல்கி அவளை ஜெயித்தவளாக எழுதவில்லை. நீங்கள் அவளை ரசிக்கும்போது உங்கள் மனதில் யார் முகம் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யார் முகமும் வரவில்லை என்றால் நிம்மதியாக ரசியுங்கள்.

பொண்ணுங்களுக்கு ஏன் எப்பவும் தியாகம் பண்ற பாத்திரத்தையே உதாரணமா காட்டறாங்க? மணிமேகலையைப் பார்த்து என்ன கத்துக்கணும்?

ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். கடம்பூர் மணிமேகலை வந்தியத்தேவனை ஒருதலையாக நேசிக்கிறாள். அவன் மேல் விழுந்த கொலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளவும் துணிகிறாள். மனம் பேதலித்து, கடைசியில் அவன் மடியில் உயிர் விடுகிறாள். ‘மலர் உதிர்ந்தது’ என்ற அத்தியாயத்தோடு நாவல் முடிகிறது. படித்து அழாதவர்கள் குறைவு. அழலாம், ஆனால் அதை வாழ்க்கைக்கு வழிகாட்டியாக எடுக்கக் கூடாது. ஊமை ராணி மந்தாகினி வேலைத் தன் மேல் தாங்கிச் சாவதும் அப்படித்தான்.

ஐந்தாம் பாகத்தின் பெயரே ‘தியாகச் சிகரம்’. அந்தப் பெயர் அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுப்பதைக் குறிக்கிறது. அவர் விட்டுக்கொடுத்தார், உயிரோடும் இருந்தார், 985இல் ராஜராஜனாக முடியும் சூடினார். பெண்கள் விட்டுக்கொடுத்தால் செத்துப்போகிறார்கள். இது கல்கி காலத்துக் கதை வழக்கம். பெண் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் பூங்குழலியைச் சொல்லுங்கள். விரும்பியது கிடைக்கவில்லை என்று அவள் உதிர்ந்துபோகவில்லை. கடலுக்குப் போனாள், பாடினாள், கோபப்பட்டாள், பிறகு சேந்தன் அமுதனைத் தானே தேர்ந்துகொண்டாள்.

இன்டர்வியூல ‘உங்க ரோல் மாடல் யாரு’ன்னு கேட்டா வந்தியத்தேவன்னு சொல்லலாமா?

சொல்லலாம், அடுத்த கேள்விக்குப் பதில் இருந்தால். ‘ஏன்’ என்று கட்டாயம் கேட்பார்கள். முதலைக் கதையை நாலு வரியில் சொல்லி, நீங்கள் அப்படி நடந்துகொண்ட ஒரு சம்பவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பவம் இல்லையென்றால் வேறு பெயர் சொல்வது உத்தமம்.

பையனுக்கு அருள்மொழின்னு பேர் வைக்கப் போறோம். பேர்ல ஏதாவது இருக்கா?

நல்ல பெயர். கூப்பிட இனிமையாக இருக்கும். பையன் மகுடத்தை விட்டுக்கொடுப்பான் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், தம்பியிடம் ரிமோட்டைக் கொடுத்தாலே பெரிது.

ரொம்ப வருஷமா மனசுல வச்சிருந்த பாத்திரம் இப்போ படிச்சா பிடிக்கலை. ஏமாந்துட்டேனா?

அமெரிக்க வாசகர்களுக்கு இது ஊரறிய நடந்தது. ஹார்ப்பர் லீயின் 1960ஆம் ஆண்டு நாவலில் வரும் வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபிஞ்ச், பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பின மனிதனுக்காக ஊரை எதிர்த்து வாதாடுவார். அவரைப் பார்த்துச் சட்டம் படிக்கப் போனவர்கள் பலர். 2015இல், லீ அதற்கும் முன்பே எழுதிய வேறொரு நாவல் வெளியானது. அதில் வயதான ஆட்டிகஸ் நிறவெறி பேசுகிறார். பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள்கூடச் சங்கடப்பட்டார்கள், முந்தைய கேள்வி கேட்டவர் கவனிக்க.

அவரைப் பார்த்து வக்கீலானவர் நடத்திய நல்ல வழக்குகள் 2015இல் செல்லாமல் போய்விடவில்லையே. உங்களுக்கும் அதே கணக்குதான். பதினைந்து வயதில் ஆதித்த கரிகாலனின் கோபம் உங்களுக்கு வீரமாகத் தெரிந்திருக்கும். அநியாயத்தைக் கண்டால் எதிர்த்துப் பேச அது கற்றுக் கொடுத்திருக்கும். இன்று அதே கோபம் சுற்றியிருப்பவர்களை எப்படிப் பொசுக்குகிறது என்று தெரிகிறது. இரண்டுமே நாவலில் இருப்பவை. முன்பு படித்ததும் சரி, இப்போது படிப்பதும் சரி. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். கரிகாலனைக் காப்பாற்றிப் பேச இரண்டு பேர் எப்போதும் தயாராக இருக்கிறார்கள்.